திருவலகும் பொலித்தீன் பையும்

(பண்டத்தரிப்புப் பகுதிச் சைவ ஆசிரியர்களுக்கு ஒரு பிரசங்கம்)

சைவ நன்மக்களாகிய ஆசிரியர்களே,

மெய்யின் அழுக்கை நீரினாலும், மனத்தின் அழுக்கை மெய்யறிவினாலும் போக்குதல் வேண்டுமென்று நாடோறும் மாணாக்கருக்குப் போதிக்கின்றோம். ஊரின் அழுக்கை எதனாற் போக்குவது என்று நம்முள் வினாவுவோர் மிகச் சிலர். அவ்வினாவையே இன்று எடுத்துக்கொண்டு பேசப் புகுந்தேன். ஊரின் அழுக்குப் பலவகைப்படும். அவற்றுள், கடைதோறுங் கைமாறி வீதிதோறுங் காற்றிற் பறக்கின்றதும், சனங்கள் "சொப்பிங் பை" என்று வழங்குவதுமாகிய பொலித்தீன் பையொன்றையே ஈண்டு ஆராய்வாம்.

பண்டங்கள் வந்து தரித்த இடமாதலின் இவ்வூர் பண்டத்தரிப்பு எனப் பெயர்பெற்றது என்று பெரியோர் சொல்லுவர். அக்காலத்திலே தரித்தது பண்டம். பண்டத்தைச் சுமந்துவந்த கடகமும் உமலும் சாக்கும் மீண்டும் மீண்டும் உதவின. பழுதுற்றபின் அடுப்புக்கு விறகாயின, அன்றி வாழைக்கு எருவாயின. இக்காலத்திலோ பண்டம் ஒரு பொழுதிலே உண்டு தீர்கின்றது. அதனைக் கொண்டுவந்த பை மாத்திரம் ஊரிலே தரித்துவிடுகின்றது. வேலியில் ஒன்று, வாய்க்காலில் ஒன்று, கோயிற் கேணியில் ஒன்று, பசுவின் வயிற்றில் ஒன்று. பண்டந் தரித்த ஊர் பை தரித்த ஊராய் மாறுதல் நமக்குப் பெருமையன்று.

இப்பையின் வரலாற்றைச் சிறிது அறிதல் நன்று. பொலித்தீன் என்னும் பொருள் 1933 ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலுள்ள ஓர் இரசாயனத் தொழிற்சாலையிலே தற்செயலாய்த் தோன்றியது. கைப்பிடியோடு கூடிய பையைச் சுவீடன் தேசத்துப் பொறியியலாளர் ஸ்தேன் குஸ்தாவ் தூலின் என்பவர் அமைத்தார்; அதற்குரிய அமெரிக்க உரிமைப்பத்திரம் 1965 இலே கிடைத்தது. மரத்தை வெட்டிச் செய்யுங் கடதாசிப் பைக்கு மாற்றாக, மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பலமுறை எடுத்தாளும் பொருளாகவே அவர் அதனைக் கருதினார் என்று அவர் மைந்தர் கூறியுள்ளார். ஆகவே செய்தவன் கருத்து ஒன்று. கொண்டவர் செய்கை வேறொன்று. பன்முறைக்கென வந்ததை ஒருமுறைக்கென்று ஆக்கினவர் நாமே.

மெல்லிய பையின் தடிப்பை மைக்கிரோன் என்னும் அளவாற் கூறுவர். 1000 மைக்கிரோன் ஒரு மில்லிமீற்றர். இலங்கைச் சட்டம் விலக்கிய பை 20 மைக்கிரோனும் அதற்குக் குறைந்ததுமாம். அஃதாவது ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு. இத்துணை மெல்லியது விரைவிலே அழிந்துவிடுமென்று பாமரர் எண்ணுவர். அழிவதன்று, வெயிலிற் காய்ந்து நொறுங்கித் துகளாவதேயாம். வாழையிலையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு மண்ணாக்குகின்றன. பொலித்தீனை அவை அங்ஙனம் உண்டு தீர்க்கமாட்டா. ஆதலாற் பெரிய பை சிறிய பையாகி, சிறியது தூளாகி, தூள் கண்ணுக்குத் தெரியாத நுண்டுகளாகின்றது. 2022 ஆம் ஆண்டிலே ஒல்லாந்து தேசத்து ஆராய்ச்சியாளர் 22 பேருடைய இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 17 பேரிடத்திலே பிளாஸ்டிக்கின் நுண்டுகள் இருக்கக் கண்டனர். வீதியில் எறிந்தது உடம்பிற் புகும் காலமும் வந்துவிட்டது.

இனி, இப்பை எங்கே போகின்றது என்பதை நோக்குவோம். நிலம், நீர், தீ, வளி, வான், ஞாயிறு, திங்கள், ஆன்மா என்னும் எட்டினையும் சிவபெருமானுக்குத் திருமேனியாகக் கூறுவது நம் சமயம். இவற்றுள் முதல் நான்கினும் இப்பை செய்யுங் கேட்டினை முறையே கூறுதும்.

நிலத்திலே: தோட்டத்து மண்ணிற் புதைந்த பை நீர் கீழிறங்குதலையும் வேர் பரத்தலையும் தடுக்கின்றது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மண்ணைக் கொத்திப் பண்படுத்துகின்ற நம் கமக்காரர் இதனை நன்கறிவர்.

நீரிலே: யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத நதி ஒன்றுமில்லை. வலிகாமத்து வழுக்கையாறும் மாரிகாலத்தில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கத்திலே கடலேரியோடு கலப்பது. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலே தங்கிநிற்கும் மழைநீரே நமக்குக் கிணற்று நீர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழையை வாய்க்கால் ஏந்திக் குளத்திலே சேர்க்க, குளம் மெல்ல நிலத்துக்கு ஊட்ட, நிலம் கிணற்றுக்குக் கொடுக்கின்றது. வாய்க்காலின் வாயைப் பத்துப் பை அடைத்தால் இம்முறை குலைகின்றது. வீதியில் வெள்ளம், கோடையிற் கிணற்றில் வறட்சி. தேங்கின பையிலும் கோப்பையிலும் நுளம்பு பெருகுகின்றது. மாரியோடு யாழ்ப்பாணத்திலே டெங்குக் காய்ச்சல் மிகுவதை அறியாதவர் யார்? வெள்ளத்தோடு போனது மாதகற் கடலை அடையின், ஆமைகள் அதனை இழுதுமீனென்று மயங்கி விழுங்குகின்றன.

தீயிலும் வளியிலும்: மாலையிலே விளக்கேற்றும் வேளையில் வளவின் மூலையிற் குப்பையைக் குவித்துக் கொளுத்துதல் நம்மூர் வழக்கம். அக்காலத்துக் குப்பை சருகும் பன்னாடையும்; அவற்றின் புகை ஒருவாறு பொறுக்கத்தக்கது. இக்காலத்துக் குப்பையிலே பலவகைப் பிளாஸ்டிக் கலந்துள்ளது. அவற்றுள் குளோரின் சேர்ந்தவை எரியும்போது டயொக்சின் முதலிய கொடிய நச்சுப்பொருள்கள் தோன்றும். அப்புகையை முதலிற் சுவாசிப்பவர் திண்ணையிற் படிக்கும் பிள்ளையும், அடுத்த வளவிலே இளைப்பு நோயோடிருக்கும் முதியவருமே. வேள்வித்தீயை வணங்கும் நாம் தீயினை நஞ்சு சமைக்கும் அடுப்பாக்குதல் தகுமோ?

இவையெல்லாவற்றினும் மனத்தை வருத்துவது பசுவின் துன்பம். கறியின் கழிவையோ சோற்றின் மிச்சத்தையோ பையிலிட்டு முடிந்து எறிகின்றோம். பசுவுக்கு முடிச்சவிழ்க்கக் கையில்லை. மணத்தை அறிந்து பையோடு விழுங்குகின்றது. விழுங்கினது அதன் முதலிரைப்பையிலே தங்கிவிடும். அசைபோட மேலே வாராது, கீழும் இறங்காது. பசிய புல்லுக்கு இடமின்றிப் பசு மெலிகின்றது. சிலபோது மாண்டும் போகின்றது. நாம் நெற்றியில் அணியுந் திருநீறு பசுவின் சாணத்தினின்றும் பெறப்படுவது. அபிடேகத்துக்கு வேண்டும் பாலும் தயிரும் நெய்யும் பசு தருவன. அங்ஙனந் தரும் பசுவுக்கு நாம் கைம்மாறாகக் கொடுப்பது பொலித்தீனாயின், நம் திருநீற்றுக்கு நாம் என்ன மரியாதை செய்தோம்? யானைமுகக் கடவுளைத் தொழாது எக்கருமமுந் தொடங்கோம். அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே குப்பைமேட்டில் இரைதேடிய யானைகள், பிளாஸ்டிக்கை விழுங்கி, எட்டாண்டு காலத்திலே ஏறத்தாழ 20 இறந்தன என்று 2022 சனவரியிலே செய்திகள் வெளிவந்தன. வணக்கம் மூர்த்திக்கு, வாதை உயிருக்கு என்றால் அவ்வணக்கம் நிறைவுறுமா?

ஆசிரியர்களே, இத்துணைக் கேட்டுக்கும் மூலம் ஒரு சொல்லிலே உள்ளது. அது "வெளியே எறி" என்பது. வெளி என்பது எது? என் வளவுக்கு வெளி என் அயலானுடைய வளவு. ஊருக்கு வெளி அடுத்த ஊரின் எல்லை. கொழும்பு மாநகரத்தார் தங்கள் குப்பையை வெளியே என்று மீதொட்டமுல்லையிலே ஆண்டாண்டாய்க் குவித்தனர். 2017 ஏப்பிரல் மாதம் 14 ஆந் திகதி, புத்தாண்டு நாளன்று, அம்மேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரத்தாருக்கு வெளியாயிருந்தது அவ்வேழைகளுக்கு வீடாயிருந்தது. செய்த வினை செய்தவனை விட்டு நீங்காது, பயனாய் வந்து பொருந்தும் என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. அதனை மாணாக்கருக்கு விளக்கக் காணத்தகும் உதாரணம் தேடி நாம் இடர்ப்படுவதுண்டு. இப்பையினும் தெளிந்த உதாரணம் வேறு வேண்டுமோ? எறிந்த கை மறந்துவிடுகின்றது. எறியப்பட்டது மறவாது கிணற்றிலும் காற்றிலும் பாலிலும் திரும்பி வருகின்றது.

இதற்குச் சைவம் காட்டும் வழி யாது? திருவதிகையிலே திலகவதியம்மையார் திருக்கோயிலை அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். அவர் தம்பியாராகிய திருநாவுக்கரசு நாயனார் உழவாரப் படையைக் கையிலேந்தித் தலந்தோறும் சென்று திருமுன்றிலிலே முளைத்த புல்லைச் செதுக்கினார். பாட வல்ல நாவுக்கரசருக்குக் கையால் வேலைசெய்தல் இழிவாய்த் தோன்றவில்லை. பிறவியிலே கண்ணில்லாத தண்டியடிகள் நாயனார், திருவாரூரிலே தூர்ந்துபோன திருக்குளத்தைக் கண்டவர் சொல்லக் கேட்டு, கரையிலே தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைத் தோண்டிச் சுமந்து கொட்டினார். கண்ணிழந்த ஒருவர் குளத்தின் துன்பத்தை அறிந்தார். கண்ணுடைய நாம் நம் கேணியிலே மிதக்கும் பையைக் காணாதார் போலக் கடந்து செல்கின்றோம்.

ஆயினும் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். நாவுக்கரசர் செதுக்கிய புல் எறிந்தவிடத்தே எருவாயிற்று. திருவலகாற் கூட்டிய சருகு குழியிலே மண்ணாயிற்று. பொலித்தீனைக் கூட்டிக் குழியிலிட்டால் குழி நிறையுமேயன்றிப் பை தீராது. ஆதலால், பழைய குப்பைக்கு அலகிடுதலே போதியதாயிருந்தது. இப்புதிய குப்பைக்கு அது போதாது. ஆண்டுக்கொருமுறை சிரமதானஞ் செய்து, படமெடுத்து, கூட்டினவற்றைப் பாழ்வளவிற் கொட்டிவிட்டு, மறுநாட் காலையிற் கடைக்குச் சென்று மூன்று பையோடு மீளுவோமாயின், அத்தொண்டு ஓட்டைக் குடத்தில் நீர் மொண்டதையொக்கும். கூட்டுதல் இரண்டாவது தொண்டு. கொள்ளாமையே முதலாவது தொண்டு. இன்று நான் வற்புறுத்த விரும்பியது இஃதொன்றே.

"இதற்கு அரசாங்கஞ் சட்டஞ் செய்ததே; நமக்கென்ன?" என்பார் சிலர். சட்டம் உண்டு, பலவுண்டு. மெல்லிய பொலித்தீன் பை 2007 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் விலக்கப்பட்டது. 2017 செத்தெம்பர் முதலாந் திகதிமுதல் அவ்விலக்கு மீண்டும் வலியுறுத்தப்பட்டு, லஞ்ச் சீற்றும் சோற்றுப் பெட்டியும் அதனுட் சேர்க்கப்பட்டன. 2023 ஒக்தோபர் முதலாந் திகதிமுதல் ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல், பூமாலை, இடியப்பத் தட்டு என்பன விலக்குண்டன. 2025 நவெம்பர் முதலாந் திகதிமுதல் கடைக்காரர் பொலித்தீன் பையை இலவசமாய்க் கொடுத்தலாகாது. அதன் விலையைப் பற்றுச்சீட்டிலே காட்டல்வேண்டும். இத்துணைச் சட்டம் வந்தும் வீதியிலே பை பறக்கின்றது. ஏன்? சட்டம் கடையின் வாயில்வரையுஞ் செல்லும். கொள்வோன் கையினுள்ளே புகாது. கையிற் புகுவது பழக்கம். பழக்கத்தைத் தருவது பாடசாலை.

சட்டமும் பழக்கமும் கூடியவிடத்துப் பயன் விளைந்தமைக்குச் சான்றுமுண்டு. அயர்லாந்து தேசத்திலே 2002 ஆம் ஆண்டு பையொன்றுக்கு 15 சதம் வரி விதித்தவுடன், பைகளின் உபயோகம் நூற்றுக்குத் தொண்ணூறு அளவிற் குறைந்தது. பணம் பெரிதன்று, "பை வேண்டுமா?" என்று கேட்கப்பட்டபோது, மக்கள் வேண்டாவென்று சொல்லக் கற்றுக்கொண்டனர். வெள்ளத்தின்போது வடிகால்களைப் பை அடைத்ததால் இடருற்ற வங்காளதேசம், மெல்லிய பையை முழுவதும் விலக்கிய முதல் தேசமாய் அவ்வாண்டிலேயே நின்றது. தமிழ்நாட்டிலே நீலகிரி மாவட்டம் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, ஆட்சியராயிருந்த சுப்பிரியா சாகு என்பவர் முயற்சியால் இத்துறையில் முன்னடந்தது. 2019 சனவரி முதலாந் திகதிமுதல் தமிழ்நாடு முழுவதும் ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்கள் விலக்கப்பட்டன. 2021 திசெம்பரிலே "மீண்டும் மஞ்சப்பை" என்னும் இயக்கந் தொடங்கியது. ஒரு காலத்திலே நாகரிகமில்லாதவன் கைப்பொருளென்று நகைக்கப்பட்ட மஞ்சட் பையை அரசே மீட்டும் மக்கள் கையிற் கொடுத்தது. நகைப்புக்கு அஞ்சி நல்லதை விட்டோர், பின் அதனையே தேடி மீண்டனர் என்பதே அதனால் அறியத்தக்கது.

"பொலித்தீன் மலிவு, ஏழைகள் என் செய்வர்?" என்பார் வேறு சிலர். இக்கேள்வி நியாயமானது, அதனை இகழ்தலாகாது. ஆனால், மலிவு எங்கே உள்ளது? பையின் விலை கடையிற் சிறிது. வாய்க்காலைத் துப்புரவாக்குங் கூலியும், காய்ச்சலுக்கு மருந்தும், செத்த பசுவின் விலையும் பின்னே வருகின்றன. அவற்றைக் கொடுப்பவரிற் பெரும்பாலார் அவ்வேழைகளே. மேலும், நம் நாட்டிலே பனை நிற்கின்றது. ஓலையை வார்ந்து, பெட்டியும் கடகமும் உமலும் பையும் இழைக்கும் பெண்களின் கைத்தொழில் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. பொலித்தீனுக்குக் கொடுக்கும் பணம் ஊரைவிட்டுப் போகின்றது. ஓலைப் பைக்குக் கொடுக்கும் பணம் ஊரிலே ஓர் அடுப்பை எரிக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையுஞ் சொல்லக் கடமைப்பட்டேன். பொலித்தீனை விட்டேனென்று புதிய துணிப்பைகளை வீடு நிறைய வாங்கி அடுக்குதலும் அறியாமையே. பருத்தி விளையவும் நெய்யவும் மிகுந்த நீரும் எரிபொருளும் வேண்டும். இங்கிலாந்து தேசத்துச் சுற்றாடல் முகவரகம் 2011 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஒரு பருத்திப் பை, பூமியின் வெப்பத்தை மிகுவிக்குங் கேட்டளவிலே மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஒப்பாவதற்கு 131 முறை எடுத்தாளப்படல்வேண்டும். ஆதலாற் புதியது வேண்டா. கிழிந்த வேட்டியையும் சேலையையும் வெட்டித் தைத்த பை ஒன்று போதும். அதனைக் கிழியும்வரை கொண்டுசெல்க. போகங் குறைதலே பொருள். பொருளை மாற்றுதல் மாத்திரம் அன்று.

இனி, நாம் செய்யத்தக்கன எவை?

முதலாவது, ஆசிரியர் தாமே கையிற் பையோடு சந்திக்கும் சங்கானைச் சந்தைக்கும் செல்க. பொலித்தீன் பையோடு வருகின்ற ஆசிரியரைக் கண்ட மாணாக்கன், அவர் செய்யும் நூறு பிரசங்கத்தையும் அப்பையிலே கட்டி எறிந்துவிடுவான்.

இரண்டாவது, இதனைக் கணக்குப் பாடமாக்குக. ஒரு வீட்டார் நாளொன்றுக்கு 3 பை கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,095. வகுப்பிலுள்ள 30 பிள்ளைகளின் வீடுகளுக்கு 32,850. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கிழமை தன் வீட்டுக்கு வந்த பைகளை எண்ணிக் குறித்து வரட்டும். மறு கிழமை குறைத்துக் காட்டட்டும். பிறர் சொல்லக் கேட்ட எண்ணிலும் தான் எண்ணிய எண் நெஞ்சிற் பதியும்.

மூன்றாவது, மதிய உணவு லஞ்ச் சீற்றிலன்றி, வாழையிலையிலோ பாத்திரத்திலோ வருதல்வேண்டும். பாத்திரமில்லாத பிள்ளை உளதாயின், அப்பிள்ளை நாணாவண்ணம் பாடசாலையே உதவுக.

நான்காவது, கோயில். அர்ச்சனைத் தட்டத்திலே பூவும் பழமும் பொலித்தீனிற் கட்டி வருகின்றன. அபிடேகப் பால் பொதியில் வந்து, வெறும் பொதி வீதியிற் கிடக்கின்றது. தண்ணீர்ப்பந்தலிலே ஒருவன் தாகந் தீரக் கோப்பையொன்று குப்பையாகின்றது. நம் முன்னோர் மூக்குப்பேணியாலே அண்ணாந்து நீர் பருகினர். சித்திரைக் கஞ்சியைப் பனையோலைப் பிளாவிலே வாங்கிக் குடித்தனர். திருவிழாவுக்கு முன்னரே ஆசிரியர்கள் தருமகர்த்தாக்களையும் உபயகாரரையுங் கண்டு, இவ்வாண்டு பேணியும் பிளாவும் வாழையிலையும் என்று பணிவோடு வேண்டிக்கொள்க. திருக்கோயிலினுள் எச்சிலுமிழ்தல் குற்றமென்று நாவலர் பெருமான் தமது சைவ வினாவிடையிலே கற்பித்ததை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கின்றோம். உமிழ்நீர் ஒரு நாழிகையிற் காயும். காயாத பொலித்தீனைத் திருவீதியில் எறிதல் அதனினும் சிறிய குற்றமாகுமா?

ஐந்தாவது, தவிர்க்கவியலாது வந்த பையைக் கழுவி உலர்த்தி மீண்டும் எடுத்தாள்க; கழிந்தவற்றைத் தனியே சேர்த்துப் பிரதேச சபையார் எடுக்கும் நாளிலே கொடுக்க. எரித்தலும் கறிக்கழிவோடு கட்டி எறிதலும் ஒருபோதுஞ் செய்யற்க. இவ்விரண்டையும் விட்டாலே நம் பிள்ளைகளின் மூச்சும் பசுவின் வயிறும் பெரிதும் பிழைக்கும். மீளுருவாக்கத்தையே நம்பி மிகுதியாகக் கொள்ளுதலும் கூடாது. 1950 ஆம் ஆண்டையடுத்து 2015 வரையும் உலகிலே கழிந்த பிளாஸ்டிக்கிலே நூற்றுக்கு ஒன்பது பங்கே அங்ஙனம் உருமாறிற்றென்று 2017 இல் அறிஞர் கணித்தனர்.

ஆசிரியர்களே, நாவலர் பெருமான் 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது, ஊரைத் திருத்தப் பாடசாலையே வாயிலென்று கண்டார். அவ்வாயிலிலே இன்று நிற்பவர் நீங்கள். பெரியோர் பழக்கத்தை மாற்றுதல் அரிது. ஆறு வயதுப் பிள்ளை கையிற் பையைக் கொடுத்தால், அது தாயைக் கடைக்குப் பையோடு அனுப்பும். ஓர் ஊரார் முழுவதும் திருந்தும்வரை ஒருவர் காத்திருத்தல் வேண்டா. தண்டியடிகள் குளந் தோண்டத் துணைக்கு ஆள் தேடிக் காத்திருந்தாரல்லர்.

நிலமும் நீரும் தீயும் வளியும் அவன் திருமேனியென்று வாயாற் சொல்லும் நாம், அத்திருமேனியின்மீது குப்பையெறியாது கையைக் காத்தலே இக்காலத்துக்குரிய சரியைத் தொண்டாம். நாளைக் காலையிலே வீட்டினின்றும் புறப்படும்போது, திருநீறு அணிந்தபின் கையிலே ஒரு பையையும் எடுத்துக்கொள்க. அப்பையோடு பண்டத்தரிப்புச் சந்தியைக் கடந்து செல்லும் ஆசிரியர் ஒருவர், அன்றைக்குரிய பிரசங்கத்தைப் பேசாமலே செய்துவிட்டவராவர்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. சைவ நன்னெறி தழைத்தோங்குக.

திருச்சிற்றம்பலம்.